பந்து வருவதற்கு முன்பே பாருங்கள்

கூடைப்பந்து பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பெரும்பாலும் விசாரிப்பது ஷாட்டைப் பற்றித்தான். பிள்ளைகள் மொட்டைமாடியில் தட்டிப் பழகுவது டிரிபிளிங். பாஸுக்குக் கிடைப்பது, இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று மார்பு உயரத்தில் செஸ்ட் பாஸ் போட்டுக்கொள்ளும் சில நிமிடங்கள். குறுக்கே தடுக்க ஆளே இல்லாத பாஸ் அது. மேட்சில் அப்படி ஒன்று எங்கே கிடைக்கிறது?

பயிற்சியாளராக நான் பார்த்தவரை, கையில் பலம் இல்லாததால் பறிபோகும் பாஸ்கள் குறைவு. பந்தை வாங்கிய பிறகே தலையைத் தூக்கி ஆளைத் தேடுகிறார்கள். அதற்குள் எதிரணி ஆள் பாதையை அடைத்துவிடுகிறார். ஃபுட்பாலில் நடுக்கள ஆட்டக்காரர் இப்படி ஆடினால் தாக்குப்பிடிக்க முடியாது. பார்சிலோனா ஃபுட்பால் கிளப்பின் நடுக்கள ஆட்டக்காரர் ஸாவி ஆடிய பழைய ஆட்டங்களைப் போட்டு, பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் கவனியுங்கள். பந்து வருமுன் இரண்டு தோளுக்குப் பின்னாலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

அந்தக் கிளப்பில் வழக்கமான ரோண்டோ பயிற்சியை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் வட்டமாக நின்று பாஸ் போட, இரண்டு பேர் நடுவில் நின்று பறிக்கப் பார்ப்பார்கள். டிரிபிள் கூடாது, தலைக்கு மேல் தூக்கிப் போடக் கூடாது, பிவட் காலை, அதாவது தரையில் ஊன்றிய காலை, எடுக்கக் கூடாது. பந்தை யார் பறிகொடுக்கிறாரோ அவர் நடுவே போக வேண்டும். முதலில் பந்து நடுவில் நிற்பவர் கைக்கே போகும். அப்புறம் ஒரு பிள்ளை வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் தரையில் பட்டு எழும் பவுன்ஸ் பாஸ் விடும். யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டோம்!

இதில் நான் சேர்த்துக்கொண்டது ஒன்று: வட்டத்துக்கு வெளியே நடந்தபடி விரல்களைக் காட்டுவேன். பந்து இன்னொருவர் கையில் இருக்கும்போதே திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். பாஸ் கிளம்பிவிட்டால் கண் பந்தின் மேல்தான். இதில் கண்டிப்பாக இருங்கள், இல்லாவிட்டால் விரல் நுனியில் பந்து பட்டு அடிபடும். சின்னப் பிள்ளைகளுக்கு 5-ஆம் எண் பந்தே போதும்.

கூடைப்பந்து ஆட்டக்காரர் ஸ்டீவ் நாஷ் கனடாவின் விக்டோரியாவில் ஃபுட்பால் ஆடி வளர்ந்தவர். அப்பா தொழில்முறை ஃபுட்பால் ஆட்டக்காரர், தம்பி மார்ட்டின் கனடா தேசிய அணிக்கு ஆடியவர். நாஷ் அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 5 சீசன்களில் அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்) பட்டியலில் முதலிடம் பிடித்தார்; 2005, 2006 இரண்டு ஆண்டும் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கினார். ஆள் நிற்கும் இடத்துக்குப் போடாமல், அவர் ஓடிச் சேரப்போகும் காலியிடத்துக்குப் பந்தை அனுப்பும் பழக்கம் ஃபுட்பாலில் சிறு வயதிலேயே படிந்துவிடும். கூடைப்பந்தில் அதைத் தனியாகத்தான் பழக்க வேண்டியிருக்கிறது. பந்தைக் கொடுத்தவுடன் ரிங்கை நோக்கி வெட்டி ஓடச் சொல்லுங்கள். நின்று வேடிக்கை பார்த்தால் அந்தப் பாஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.