நங்கூரம் கப்பலை எப்படிப் பிடிக்கிறது?

நங்கூரம் கனமான இரும்பு, அந்தக் கனத்தால்தான் கப்பல் நகராமல் நிற்கிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் இது சரிவராது. 2 லட்சம் டன் சரக்கு ஏற்றும் கப்பலின் நங்கூரம் சுமார் 15 டன்தான் இருக்கும், அதிலும் கடலுக்குள் இறங்கியதும் இரும்பின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அப்புறம் எப்படி நிற்கிறது? தமிழில் நாம் நங்கூரத்தைப் 'பாய்ச்சுகிறோம்'. நங்கூரம் என்ற சொல் பாரசீக மொழியின் 'லங்கர்' வழியாக வந்தது, ஆனால் பாய்ச்சுதல் நம்முடைய வினைச்சொல், குத்தி இறக்குவது என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல்லாட்சி இது, ஏனென்றால் அடியில் நடப்பதும் அதுதான்.

கப்பலின் எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. நங்கூரம் சமாளிக்க வேண்டியது காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளுகிற விசையை மட்டும்தான் (காற்றின் வேகம் 2 மடங்கானால் அந்த விசை 4 மடங்காகும், அதுவே பெரிய சவால்தான்). நங்கூரத்தின் அகன்ற அலகுகள், பக்கவாட்டில் இழுக்கும்போது சாய்ந்து, கலப்பையின் கொழு மாதிரி மண்ணுக்குள் இறங்குகின்றன. இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் புதைகின்றன. இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1933இல் கலப்பை வடிவிலேயே ஒரு நங்கூரத்தை வடிவமைத்தார், எடை குறைவாக இருந்தும் அது நன்றாகப் பிடித்தது.

இதில் இழுக்கும் கோணம்தான் முக்கியம், அதைப் பார்த்துக்கொள்வது சங்கிலி. ஆழம் 20 மீட்டர் என்றால் 20 மீட்டர் சங்கிலி போதாது. 5 மடங்கு, காற்று வலுத்தால் 7 மடங்கு அல்லது அதற்கும் மேல் விடுவார்கள். மிச்சமுள்ள நீளம் தன் எடையால் கடலடியில் படுத்துக் கிடப்பதால், நங்கூரத்தின் மேல் விழும் இழுப்பு கிடைமட்டமாகவே இருக்கிறது. அலை கப்பலைத் தூக்கி வெடுக்கென்று இழுக்கும்போது தொய்ந்து கிடக்கும் சங்கிலி முதலில் நிமிரும், அந்த இழுப்பு நேராக நங்கூரத்தைத் தாக்காது. எடை உண்மையில் உதவுவது இங்கேதான்!

மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். களிமண்ணும் இறுகிய மணலும் நன்றாகப் பிடிக்கும், பாறையில் அலகு இறங்காது, குழம்புச் சேற்றில் வழுக்கிக்கொண்டு வரும். கடல் வரைபடங்களில் ஆழத்தோடு அடித்தரை மணலா சேறா பாறையா என்றும் குறித்திருப்பது இதற்காகத்தான்.

சரி, இவ்வளவு இறுக்கமாகப் புதைந்ததை எப்படி எடுப்பது? சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே கப்பலை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவருவார்கள். இப்போது இழுப்பு மேல்நோக்கிப் போகிறது, நங்கூரத்தின் தண்டு நிமிர்கிறது, அலகுகள் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன.