ஊருணியில் என்ன ரகசியம்?

போன ஆடியில் ஓர் ஆச்சி என்னைப் பார்க்க வந்தார்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். ஊருணியின் அளவை வரைபடம் கேட்டு, பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டிருக்கிறார்கள். வந்த பதில் ஒரே வரி: “ரகசியக் கோப்பு, தர இயலாது.”

“ஊருணியில என்ன தம்பி ரகசியம்?”

எந்தப் பிரிவில் மறுக்கிறார்கள் என்றுகூட அதில் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி மறுப்புக்குக் காரணம் எழுதியாக வேண்டும். மறுத்தது சரியென்று காட்டும் பொறுப்பும் அதிகாரிக்கே. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தை நீட்டினாலும் தகவல் உரிமைச் சட்டத்தின் 22-ஆவது பிரிவின் முன் அது எடுபடாது. கோப்பில் ஒரு பக்கம் மறைக்க வேண்டியது என்றால், அதை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுக்கச் சொல்கிறது 10-ஆவது பிரிவு. முப்பது நாள் கெடுவுக்குள் முதல் மேல்முறையீடு போட்டோம். வரைபடம் வந்தது.

ஊருணிக்கு இவ்வளவு போதும். அரசு நீதிமன்றத்திலேயே ‘நாட்டின் பாதுகாப்பு’ என்று சொல்லிவிட்டால்தான் சிக்கல். 1961-இல் சோதி சுக்தேவ் சிங் வழக்கில், அப்படி ‘காட்ட மாட்டோம்’ என்று அரசு சிறப்புரிமை கோரும் ஆவணத்தை நீதிபதி வாங்கிப் பார்க்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 1975-இல் ராஜ் நாராயண் வழக்கில் அது மாறியது: அரசின் பிரமாணப் பத்திரம் திருப்தி தராவிட்டால் நீதிபதி பார்க்கலாம். பார்ப்பது நீதிபதி மட்டும்தான், நாம் அல்ல. அரசு ஆவணத்தை மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதியிடம் கொடுக்கும் பழக்கத்திலும் இதே கதைதான்.

இதைச் சொன்னதும் ஆச்சி சிரித்தார்கள். “பங்காளிய வளவுல உக்கார வச்சிட்டு, பெட்டகத்தத் தொறந்து பாத்துட்டு, உனக்குப் பங்கில்லைங்கிற மாதிரில்ல இருக்கு?”

ஏறக்குறைய அதேதான். 2023 ஏப்ரலில் மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த உறையை ஏற்கவில்லை. பாதுகாப்பு என்று சொன்னாலே மறுதரப்பையும் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதி விலகிவிடாது என்றது. ஆனால் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் பற்றிய வழக்கைப் பாருங்கள். 2021-இல் நீதிமன்றமே குழு அமைத்தது. 29 கைபேசிகளைச் சோதித்ததில் ஐந்தில் ஏதோ தீநிரல் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதை 2022-இல் நீதிமன்றமே திறந்த அவையில் குறிப்பிட்டது. அதற்கு மேல் உண்மையைக் கறக்க நீதிமன்றத்திடம் என்ன கருவி இருந்தது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமோ, அமைச்சர்களுக்கும் குடியரசுத் தலைவருக்கும் இடையிலான கடிதங்களை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று நேராகவே சொல்லிவிட்டது.

அரசு வக்கீல் “சிறப்புரிமை” என்று எழுந்தால் நான் முதலில் புரட்டுவது பிரமாணப் பத்திரத்தின் கடைசிப் பக்கம். கையெழுத்து அமைச்சருடையதா, துறைத் தலைவருடையதா? கோப்பைத் தானே படித்ததாக எழுதியிருக்கிறாரா? பல நேரம் கீழ்நிலை அதிகாரி ஒருவர்தான் போட்டிருப்பார். என் வாதம் அங்கிருந்துதான் தொடங்கும்.