நாட்டிகல் மைல்: கடல் மைலா, கலை மைலா?

ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு நெட்ல தேடுனா மூணு நம்பர் வரும், கிலோமீட்டர், மைல், அப்புறம் என்.எம்.னு ஒண்ணு. இந்த மூணாவதுதான் நாட்டிகல் மைல். இத சாதா மைல்னு நினைச்சுட்டா கணக்கே தப்பிடும், ஏன்னா சாதா மைல் 1,609 மீட்டர், இது 1,852 மீட்டர், 1,000 நாட்டிகல் மைல் தூரத்துல 243 கிலோமீட்டர் காணாமப் போயிடும்.

மைல்ங்கிறது லத்தீன்ல ஆயிரத்தக் குறிக்கிற மில்லேல இருந்து வந்த சொல். ரோமானியங்க இடது வலது ரெண்டு காலும் வச்சு முடிச்சாத்தான் ஒரு எட்டுன்னு எண்ணுவாங்க, அப்படி ஆயிரம் எட்டு ஒரு மைல். நாட்டிகல், கிரேக்கத்துல மாலுமியக் குறிக்கிற சொல்லோட வழி வந்தது. சங்கப் பாட்டுல கப்பலுக்கு வர்ற நாவாயும் காதுக்கு அதே மாதிரிதான் கேக்கும், ஆனா ஒலி ஒத்துப்போகுதுன்னு மட்டும் வச்சு ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு கட்டிடாதீங்க.

சரி, சொல்லுதான் கடலோடது, அளவு பூமியோடது. பூமியோட வட்டத்த 360 டிகிரியா பிரிச்சு, ஒரு டிகிரிய 60 மினிட்டா பிரிச்சா (கடிகார நிமிஷம் இல்ல, கோணத்தோட நிமிஷம்) அதுல ஒரு மினிட்டுக்கு தரையில வர்ற நீளம்தான் நாட்டிகல் மைல், அதனால நேர் வடக்கா ஒரு டிகிரி போனா 60 நாட்டிகல் மைல், மேப்ப பாத்தே சொல்லிடலாம். பூமி சரியான உருண்டை இல்லாததால இந்த நீளம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், அதான் 1929ல மொனாக்கோல நடந்த மாநாட்டுல 1,852 மீட்டர்னு நிலையா வச்சுட்டாங்க.

தமிழ்ல பேப்பர்காரங்க கடல் மைல்னு எழுதுறாங்க, படகுக்கு அது பொருத்தம்தான். மலை மேல பறக்குற பிளேனுக்கும் கடல் மைல்னா எனக்கு ஒட்டவே மாட்டேங்குது. நம்ம பஞ்சாங்கக் கணக்குல டிகிரிக்கு பாகை, கோண மினிட்டுக்கு கலைன்னு சொல் ஏற்கனவே இருக்கு, அப்போ கலைமைல்னு சொன்னா அளவோட அர்த்தமே பேர்ல வந்துடுதே! பழக்கத்துல இல்லாத சொல்தான், அதனால இப்போதைக்கு கடல் மைல்னு எழுதி பக்கத்துல கலைமைல்னும் போட்டு வைக்கிறேன்.

இன்னொண்ணு, கப்பல், பிளேன் வேகத்த சொல்ற அளவான நாட்ங்கிறது நாட்டிகலோட சுருக்கம் இல்ல, தமிழ்ல எழுதுறப்போ அப்படித் தெரியுது அவ்வளவுதான். நாட்னா முடிச்சு. மரக்கட்டையில கட்டுன கயித்துல சம தூரத்துல முடிச்சு போட்டு கடல்ல விட்டு, மணல் கடிகாரம் காலியாகுறதுக்குள்ள எத்தனை முடிச்சு கைய தாண்டி ஓடுதுன்னு எண்ணி கப்பல் வேகத்த கண்டுபிடிச்சாங்க. ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்.

இதுல ஒரு வசதி, 480 நாட்ல பறந்தா நிமிஷத்துக்கு 8 கடல் மைல், அப்போ 1,200 கடல் மைலுக்கு 150 நிமிஷம், ரெண்டரை மணி நேரம். இது பறக்குற கணக்கு மட்டும்தான், ரன்வேக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறதுன்னு அரை மணி நேரம் கூட வச்சுக்கங்க. காத்தும் மாத்தும், லண்டன்ல இருந்து நியூயார்க் போறதுக்கு ஆகுற நேரத்தவிட திரும்பி வர்றதுக்கு பெரும்பாலும் ஒரு மணி நேரம் கம்மியாத்தான் ஆகும், மேல மேற்குல இருந்து கிழக்கா ஓடுற ஜெட் ஸ்ட்ரீம் காத்து பின்னாடி இருந்து தள்ளுது.