அரக்குச் சேலை செங்கல் நிறமான கதை: மானிட்டர் கேலிப்ரேஷன் பற்றிக் கொஞ்சம்

"தம்பி, இது நாங்க எடுத்த சேலையே இல்லையே" என்றார் பெண்ணின் அம்மா. ஆல்பத்தில் மூன்றாவது ஷீட்கூட இன்னும் தாண்டவில்லை. காஞ்சிபுரம் பட்டு, நல்ல அரக்கு நிறம், முகூர்த்தத்துக்கென்று கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. ஆல்பத்தில் அது செங்கல் நிறத்தில் இருந்தது. போதாததற்கு மேடைக்குப் பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் கரண்ட் போன வீட்டில் நிற்பதுபோல் இருட்டில் இருந்தார்கள். நான் அங்கேயே, அவர் முன்னாலேயே, ஆல்பத்தை பிரிண்ட் போட்ட லேபுக்கு போன் போட்டுக் கத்தினேன். ராத்திரி வந்து அதே ஃபைலை என் மானிட்டரில் திறந்தால் சேலை அரக்காகத்தான் இருக்கிறது, பின்வரிசைச் சித்தப்பாவின் மீசைவரை தெரிகிறது. அப்போ தப்பு லேபுடையதுதானே? சந்தேகத்துக்கு இன்னொரு லேபில் ஒரே ஒரு ஷீட் போட்டு வாங்கினேன். அங்கேயும் செங்கல்.

கல்யாணப் படம், ஆல்பம் டிசைன் என்று பதினாறு வருடமாக இதே வேலை. இதில் முதல் ஏழு வருடம் மானிட்டரை அளந்து சரிசெய்ய வேண்டும், அதாவது கேலிப்ரேஷன் செய்ய வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் கடன் வாங்கியாவது செலவு செய்வோம், ஆனால் அந்தப் படத்தை எதில் பார்த்துத் திருத்துகிறோமோ அது கடைக்காரர் மாட்டிக் கொடுத்தபடியே கிடக்கும். இதை எழுதுவதே, இன்னும் அப்படியே வேலை பார்க்கிற நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான்.

அந்த ஆல்பத்துக்குப் பிறகு ஒரு நண்பரிடம் கலரிமீட்டர் (திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கிற கருவி) இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். என் மானிட்டரின் வெளிச்சம் கிட்டத்தட்ட 300 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு). வெள்ளை 7,800 கெல்வின் பக்கம். புகைப்பட வேலைக்கு நாம் வைக்க வேண்டியது 6,500 கெல்வின், அதாவது டி65. கெல்வின் எண் ஏற ஏற வெள்ளை நீலம் பாய்ந்ததாகத் தெரியும். ஆக, நான் ஏழு வருடமாக நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அதுவும் உச்சி வெயிலில் உட்கார்ந்து கலர் கரெக்ஷன் செய்துகொண்டிருந்திருக்கிறேன். திரை நீலமாக இருந்தால் கை தானாக மஞ்சளைக் கூட்டும். அரக்கு என்பது சிவப்பில் கொஞ்சம் நீலம் ஒளிந்திருக்கிற நிறம், அதில் மஞ்சளைச் சேர்த்தால் செங்கல்தானே வரும். திரை அளவுக்கு மீறி வெளிச்சமாக இருந்தால் கை தானாகப் படத்தை இருட்டாக்கும், நிழலுக்குள் இருக்கிற முகமும் திரையின் புண்ணியத்தில் தெரியும். காகிதத்துக்கு அந்தப் புண்ணியம் கிடையாது.

"எனக்குக் கண் பழகியிருக்கு, பார்த்தாலே சொல்லிடுவேன்" என்று சொல்கிற சீனியர்களை எனக்குத் தெரியும், நானும் சொல்லியிருக்கிறேன். கண் பழகும் என்பதுதான் பிரச்சினையே. வெயிலில் பார்த்த வெள்ளை வேட்டியை ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தாலும் நமக்கு வெள்ளையாகத்தான் தெரியும். கேமராவில் வொயிட் பேலன்ஸை மாற்றாமல் எடுத்தால்தான் அது மஞ்சளில் முக்கி எடுத்ததுபோல் வந்திருப்பது தெரியும். சுற்றியுள்ள வெளிச்சத்தில் எது வெள்ளை என்று மூளை தானே முடிவு செய்துகொள்கிறது. நீலம் பாய்ந்த மானிட்டர் முன் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அதுவே வெள்ளை என்று ஒத்துக்கொள்ளும். அதனால் அளக்கக் கருவி வேண்டும். அனுபவம் இங்கே உதவாது, சில சமயம் கெடுக்கவும் செய்யும்.

கலரைவிட முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள் என்பேன். "பிரிண்ட் இருட்டா வந்துடுச்சு" என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வியாதி இதுதான். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, அறையில் விழுகிற வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தரும். 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழுகிற வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் உள்ள நல்ல அறையில் ஒரு வெள்ளைக் காகிதம் தருவது 140 நிட் அளவுக்குத்தான் இருக்கும். சாதாரண வீட்டு ஹாலில் அதில் பாதிகூட வராது. கடையிலிருந்து வருகிற மானிட்டரோ 250, 300 நிட்டில் எரியும். அதனால்தான் பிரிண்ட் வேலைக்கு 80 முதல் 120 நிட் என்கிறார்கள். நான் 100-இல் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் "என்ன இது, டல்லடிக்குதே" என்று இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். கண் பழகுவது இந்த ஒரு இடத்தில் மட்டும் உதவுகிறது.

சரி, கருவி. ஸ்பைடர், கேலிப்ரைட் என்ற இரண்டு பெயர்கள்தான் நம் ஊரில் அதிகம் கிடைக்கும். எக்ஸ்ரைட் என்று முன்பு வாங்கினோமே, அதன் புகைப்படக் கருவிகள்தான் 2021 முதல் கேலிப்ரைட் பெயரில் வருகின்றன. விலை அதிகம் என்று தோன்றினால் நாலு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், மாதம் ஒரு நாள்தானே தேவை. மென்பொருள் கருவியோடே வரும். ஆர்கில் என்ற இலவச மென்பொருளின் மேல் கட்டிய டிஸ்ப்ளேகால் என்ற ஒன்றும் உண்டு, கொஞ்சம் பொறுமை இருந்தால் அது இன்னும் நுணுக்கமாக வேலை செய்யும்.

அளப்பதற்கு முன் மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், சூடாகாத திரையின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோட், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகப் பிரைட்னஸ் மாறுவது, விண்டோஸின் நைட் லைட், மேக்கின் ட்ரூ டோன், எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நைட் லைட்டை அணைக்காமல் முழுக் கேலிப்ரேஷனையும் முடித்துவிட்டு எனக்கு போன் செய்தவர் ஒருவர் இருக்கிறார். பிறகு இலக்கு: டி65, காமா 2.2 (கறுப்பிலிருந்து வெள்ளைவரை வெளிச்சம் ஏறுகிற விதம்), 100 அல்லது 120 நிட். இங்கே பலர் அவசரப்பட்டு எல்லாவற்றையும் மென்பொருளிடமே விட்டுவிடுகிறார்கள். முதலில் மானிட்டரின் சொந்தப் பட்டன்களிலேயே பிரைட்னஸையும் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவையும் மாற்றி, இலக்குக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மென்பொருள் செய்கிற திருத்தம் கிராபிக்ஸ் கார்டில் நடக்கிறது. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், அதில் நிறையத் தின்றுவிட்டால் வானத்திலும் சுவரிலும் வரி வரியாகக் கோடு விழும். லேப்டாப்பில் பிரைட்னஸைத் தவிர அந்தப் பட்டன்கள் கிடையாது, அங்கே வேறு வழியில்லை.

இதில் இரண்டு வேலை நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திரையை ஒரு நிலைக்குக் கொண்டுவருவது கேலிப்ரேஷன். அந்த நிலையில் இந்தத் திரை எந்த நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று எழுதி வைப்பது புரொஃபைல், ஐசிசி ஃபைல் என்பது அதுதான். போட்டோஷாப் விண்டோஸிடமிருந்து இதைத் தானே எடுத்துக்கொள்ளும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். செய்யக் கூடாததைச் செய்வதுதான் வழக்கமாக நடக்கிறது. போட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் வொர்க்கிங் ஸ்பேஸ் என்ற இடத்தில் போய் மானிட்டர் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அங்கே எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கும் லேபுகளுக்கும் பொதுவான நிற எல்லை) இருக்கட்டும், லேபுக்கும் எஸ்ஆர்ஜிபியிலேயே அனுப்புங்கள், லேப் வேறு ஏதாவது கேட்டால் ஒழிய. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற எல்லை பெரிது, நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் அனுப்பி, அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டு மெஷின் பிரிண்ட் போட, ஆல்பம் முழுக்க வெளுத்துப்போய் வந்த கதை எங்கள் வட்டாரத்திலேயே நடந்தது.

அதே மாடல் மானிட்டர் வைத்திருக்கிற நண்பரின் புரொஃபைலைப் பென்டிரைவில் வாங்கிப் போட்டுக்கொள்வதும் வீண். ஒரே பெட்டி எண்ணில் வருகிற இரண்டு திரைகளே ஒன்றுபோல் இருக்காது, ஓட ஓட ஒவ்வொன்றும் தன் போக்கில் மங்கும். நான் மாதம் ஒரு முறை அளக்கிறேன். டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகோ கணினி தூங்கி எழுந்த பிறகோ திரை திடீரென்று பழையபடி நீலமாகத் தெரிந்தால், திருத்தம் கிராபிக்ஸ் கார்டிலிருந்து கழன்றுவிட்டது என்று அர்த்தம். ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கருவி இப்போதைக்கு முடியாது என்கிறவர்களுக்கு: மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதில் வையுங்கள். நீங்கள் வேலை செய்கிற அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை ஏறக்குறைய அதே அளவு வெளிச்சத்துக்கு வரும்வரை பிரைட்னஸைக் குறையுங்கள். போட்டோஷாப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே எண்ணாக 0, 5, 10, 15 என்று கறுப்புக் கட்டங்கள் போட்டு, 10-ஐயாவது 0-விலிருந்து பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். இது கேலிப்ரேஷன் ஆகாது, ஆனால் என் ஏழு வருடத்தைவிட எவ்வளவோ மேல். அறைச் சுவரையும் பாருங்கள். எனக்கு எதிரே கிளிப்பச்சைச் சுவர் இருந்தது. சாம்பல் வண்ணத்துக்கு மாற்றியபோது வீட்டில் "ஜெயில் மாதிரி இருக்கு" என்றார்கள், இன்னும் சொல்கிறார்கள்.

எல்லாம் செய்தாலும் தீராதவையும் உண்டு. மலிவான லேப்டாப் திரை எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கு நிறத்தைத்தான் காட்டும், இல்லாத நிறத்தைக் கருவி கொண்டுவந்து தராது. டிஎன் பேனல் என்கிற மலிவு வகைத் திரை என்றால் தலையைக் கொஞ்சம் தூக்கினாலே படம் மாறும், அதை ஆபீஸ் கணக்குப் பார்க்க வைத்துக்கொண்டு ஐபிஎஸ் வகைத் திரை ஒன்று வாங்குங்கள். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்புக்கு மடிப்பு மாறுகிற அதைச் சரியாகக் காட்டு என்று வாடிக்கையாளர் கேட்டால் நான் சேலையை நேரில் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துத்தான் திருத்துகிறேன். போனும் இருக்கிறது. "வாட்ஸப்ல அனுப்பினப்ப பளபளன்னு இருந்துச்சே" என்பார்கள். விவிட் மோடில் இருக்கிற அமோலெட் திரையில் எல்லாமே பளபளதான். ஆல்பம் காட்டும்போது ஜன்னல் ஓரமாக உட்காரவைத்துக் காட்டுவது என் பழக்கம், டியூப்லைட்டுக்குக் கீழே பட்டுச் சேலையைப் பற்றிப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

அந்த ஆல்பத்தை என் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். லேபுக்கு இரண்டாவது முறை போன் செய்தது மன்னிப்புக் கேட்க. "முதல் ஷீட் வெளியே வரும்போதே எங்களுக்குத் தெரிஞ்சுதுண்ணே" என்றார் பிரிண்ட் போடுகிறவர். "நீங்கதான் ஆர்டர்ல கரெக்ஷன் எதுவும் வேண்டாம்னு பெரிசா எழுதியிருந்தீங்களே." இப்போதும் அப்படித்தான் எழுதி அனுப்புகிறேன். ஆனால் ஒரு ஷீட் மட்டும் முதலில் போட்டுப் பார்த்துவிட்டு.