காய்ச்சல் இல்லாத நிமோனியா

"காய்ச்சலே இல்லையே டாக்டர், அப்புறம் எப்படி நிமோனியா?" வயதானவர்களை அழைத்து வரும் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காய்ச்சலை உண்டாக்குவது நம் உடம்புதான். கிருமி நுழைந்ததை நுரையீரல் கண்டுகொண்டால்தான் உடம்பு சுடும். அதில் தடங்கல் வந்தால், உள்ளே சளி கட்டிக்கொண்டிருக்கும்போதே தெர்மாமீட்டர் 98.6 காட்டும்.

கண்டுகொள்ளும் வேலையைச் செய்பவை ஏற்பிகள். நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் உலவும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்களிலும், நுண்ணறைச் சுவரின் செல்களிலும் இவை இருக்கின்றன. பிறவியிலேயே வருபவை, கிருமியை முன்பு சந்தித்திருக்க வேண்டியதில்லை. நிமோனியாவை உண்டாக்கும் முக்கிய பாக்டீரியாவான நிமோகாக்கஸின் மேற்பரப்பில் உள்ள லிப்போபுரதங்களை (கொழுப்பு ஒட்டிய புரதங்கள்) டிஎல்ஆர்-2 என்ற ஏற்பி பிடிக்கும். கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள நச்சுக் கொழுப்பை டிஎல்ஆர்-4 பிடிக்கும். விழுங்கிய கிருமி செல்லுக்குள் உடையும்போது வெளிப்படும் டிஎன்ஏவை டிஎல்ஆர்-9 அறியும். இந்த டிஎல்ஆர்-4 பற்றிய கண்டுபிடிப்புக்காகத்தான் விஞ்ஞானி புரூஸ் பாய்ட்லர் 2011 மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஏற்பி தூண்டப்பட்டதும் மைடி88 என்ற புரதம் வழியாகச் செய்தி செல்லின் உட்கருவுக்குப் போகிறது. இன்டர்லூகின்கள் என்ற தூதுப் புரதங்கள் சுரக்கின்றன. அவை ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களை வரவழைக்கும், மூளையைத் தூண்டிக் காய்ச்சலை ஏற்றும், கல்லீரலில் சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தைக் கூட்டும். எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் இப்படிப் போராட வந்த செல்களும் கசிந்த நீரும்தான். அளவு மீறினால் அதுவே மூச்சை அடைக்கும்.

மைடி88 பிறவியிலேயே பழுதான குழந்தைகள் மிக அரிது. அவர்களுக்கு நிமோகாக்கஸ் ரத்தத்திலும் மூளை உறையிலும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அப்போதும் காய்ச்சலும் சிஆர்பியும் தாமதமாகவே ஏறலாம்.

இந்த எச்சரிக்கை மங்குவதை நாம் அன்றாடம் பார்ப்பது வேறு இடங்களில். முதுமை ஒன்று. ஃப்ளூ காய்ச்சல் இன்னொன்று: வைரஸை எதிர்க்கச் சுரக்கும் இன்டர்ஃபெரான், மேக்ரோபேஜ்களின் பாக்டீரியா பிடிக்கும் திறனைச் சில நாட்களுக்குக் குறைத்துவிடும். ஃப்ளூ தணிந்து இரண்டு மூன்று நாளில் மறுபடியும் இருமலும் இளைப்பும் வந்தால் காத்திருக்காதீர்கள். மூன்றாவது, மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் 'செட்' மாத்திரை. அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் ஏற்பிகள் அனுப்பும் செய்தியே அமுங்கிப்போகும். காய்ச்சல் இறங்கும், கிருமி பெருகும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

நிமோகாக்கஸ் தடித்த சர்க்கரை உறை போர்த்திக்கொண்டு விழுங்கு செல்களுக்கு வழுக்கிவிடும். அந்த உறையில் ஒட்டிப் பிடிகொடுக்கும் எதிர்ப்பொருளை உருவாக்குவதே பிசிவி தடுப்பூசி. அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் இலவசமாகப் போடுகிறார்கள்.

வீட்டில் நம்பவேண்டியது மூச்சு எண்ணிக்கையைத்தான். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறும். பச்சிளம் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. இந்த அளவைத் தொட்டாலே மருத்துவரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழிந்தால் உடனே ஆஸ்பத்திரி. பெரியவர்களுக்கு 30 தாண்டினால் அவசரம். தாத்தா பாட்டி திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கி, பேச்சு குழறி, ஆளை மறந்தால், உடம்பு சில்லென்று இருந்தாலும் அன்றைக்கே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.