டிராக்டர் சிப்பர் புதரை எப்படி விழுங்குகிறது?

புதரை வெட்டிச் சாய்ப்பது பாதி வேலைதான். வெட்டிப் போட்ட பிறகு மலைபோலக் கிடக்கும் குவியலை என்ன செய்வது என்பதுதான் மீதிப் பாதி. அந்தக் குவியலில் மரம் கொஞ்சம், காற்று நிறைய. வண்டியில் ஏற்றினால் காற்றைத்தான் சுமந்து போக வேண்டும். கொளுத்தினால் புகை, அதோடு தீ பரவும் பயம். டிராக்டரின் பின்னால், கிளையைச் சிறு சில்லுகளாக வெட்டித் தள்ளும் சிப்பர் என்ற இயந்திரத்தை மாட்டிச் சில்லாக்கிவிட்டால் குவியல் சுருங்கிவிடும், சில்லையும் மண்ணுக்கு மூடாக்காகப் போடலாம்.

சிப்பர் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்: 4 அங்குலம், 5 அங்குலம், 6 அங்குலம். அந்த இயந்திரம் அதிகபட்சம் எவ்வளவு பருமனான கட்டையைத் தின்னும் என்பதற்கான கணக்கு அது. கட்டைகளை அரைப்பவருக்கு அந்த எண் முக்கியம். புதர் அழிப்பவருக்கு அது பாதி உண்மையைக்கூடச் சொல்வதில்லை என்பது என் கருத்து. ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும்.

டிராக்டரின் பின்புறம், எஞ்சின் சக்தியை மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு சுழல்கிறது. பரவலாக இருக்கும் வகை நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. அந்தச் சுழற்சி இணைப்புத் தண்டு வழியாகச் சிப்பருக்குப் போய் ஒரு கனத்த இரும்புத் தட்டைச் சுழற்றுகிறது. தட்டின் முகத்தில் இரண்டிலிருந்து நான்கு கத்திகள் பொருத்தியிருக்கும். வாயின் விளிம்பில் அசையாத எதிர்க்கத்தி ஒன்று. கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல இவை இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் கடக்கின்றன, நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான். கத்தி நாருக்குக் குறுக்கே இறங்கும்போது அதன் சாய்ந்த முகம் மரத்தைப் பக்கவாட்டில் நெட்டுகிறது. மரம் நார் போகிற போக்கில் எளிதில் பிளக்கும். அதனால் வெட்டுப்பட்ட துண்டு சில்லாகப் பெயர்ந்து வந்துவிடுகிறது.

நான்கு கத்தி உள்ள தட்டு நொடிக்கு 9 முறை சுற்றினால் நொடிக்கு 36 வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கிளை ஒரு சென்டிமீட்டர் உள்ளே நகர்ந்தால் நொடிக்கு 36 சென்டிமீட்டர். மூன்றரை மீட்டர் நீளக் கிளை பத்து நொடியில் காலி.

இந்த வெட்டுகளுக்கு வேண்டிய சக்தி முழுவதும் அந்தந்த நொடியில் டிராக்டரிலிருந்து வருவதில்லை. தட்டு கத்திகளைத் தாங்குகிறது, அதோடு பிளைவீலாகவும் வேலை செய்கிறது. ஓய்வான நேரத்தில் ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கடினமான கணு வரும்போது எடுத்துக் கொடுக்கிறது. 80 சென்டிமீட்டர் விட்டமும் 100 கிலோ எடையும் உள்ள ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம். 540 சுற்றில் அதில் ஏறத்தாழ 12,800 ஜூல் ஆற்றல் தங்கியிருக்கும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகம் 20 சதவீதம் குறைந்தாலே 36 சதவீத ஆற்றல் வெளியே வந்துவிடும். அரை நொடிக்குள் அது நடந்தால், அந்த அரை நொடிக்கு 12 குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைத்ததற்குச் சமம். சின்ன டிராக்டர் சமாளிக்க முடியாது என்று நினைக்கும் கணுவைச் சிப்பர் சட்டென்று கடித்துத் துப்புவது இப்படித்தான்.

ஆனால் எடுத்ததைத் திருப்பி நிரப்ப வேண்டுமே! அதற்கு டிராக்டருக்கு அவகாசம் வேண்டும். அவகாசம் கொடுக்காமல் கிளையைத் திணித்துக்கொண்டே இருந்தால் வேகம் சரியும். பாதி வேகத்துக்கு வந்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது கால்பங்கு ஆற்றல். அப்புறம் அடைப்புதான். சில சிப்பர்கள் பெல்ட் வைத்துத் தட்டை பி.டி.ஓ. வேகத்தைவிட விரைவாகச் சுழற்றுகின்றன. அதே தட்டு 1000 சுற்றில் ஓடினால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஆற்றல் சேரும். பெல்ட்டைப் பராமரிக்கும் வேலை கூடுதல் என்றாலும், சிறிய டிராக்டருக்கு இது நல்ல ஏற்பாடு. 540 சுற்றுக்கென்று செய்த சிப்பரை மட்டும் 1000 சுற்று பி.டி.ஓ.வில் ஓட்டவே கூடாது. தட்டு சிதறினால் பக்கத்தில் இருப்பவர் கதி என்னாகும்?

சரி, புதருக்கு வருவோம். 10 சென்டிமீட்டர் கட்டையைவிட 15 சென்டிமீட்டர் கட்டையின் வெட்டுமுகம் இரண்டேகால் மடங்கு பெரியது. சக்தி தேவையும் அந்த அளவில் ஏறும். ஆனால் புதரில் அப்படிப்பட்ட கட்டை எத்தனை இருக்கப்போகிறது? விரல் பருமன் மிலாறும் மணிக்கட்டுப் பருமன் கிளையும்தான் பெரும்பகுதி. இவற்றை வெட்ட அதிகச் சக்தி வேண்டியதில்லை. இருந்தும் புதர் அழிப்பவர்கள்தான் சிப்பரோடு அதிகம் மல்லுக்கட்டுகிறார்கள். சிக்கல் கத்தியில் இல்லை, கிளை உள்ளே போகிற வழியில் இருக்கிறது.

ஒரு கவட்டைக் கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடி இரண்டு விரல் பருமன்தான். மேலே அது மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வேறு திசையில் விரிந்து நிற்கும். கிளையை உள்ளே தள்ளும் உருளை இல்லாத எளிய சிப்பரில் கத்தியேதான் கிளையை இழுத்துக்கொள்ள வேண்டும். நேரான கழி என்றால் சர்ரென்று போய்விடும். கவட்டை வந்ததும் அதன் பிரிந்த கிளைகள் வாயின் இருபுறமும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். வெளியே இழுத்து, அரிவாளால் கவட்டையைப் பிளந்து மறுபடி போட வேண்டும். குவியல் முழுக்க இதே கதை.

இதற்கு மருந்து, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் உருளை. பல் வைத்த உருளை ஒன்றோ இரண்டோ கிளையைக் கவ்வி, கவட்டையை நசுக்கி, சீரான வேகத்தில் உள்ளே தள்ளும். சுழல் வேகத்தைக் கவனிக்கும் கருவி உள்ளவற்றில், தட்டின் வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் உருளை தானாக நின்றுவிடும். வேகம் ஏறியதும் மறுபடி ஓடும். நான் சொன்ன அந்த அவகாசத்தை இயந்திரமே கொடுத்துக்கொள்கிறது. புதருக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், உருளை இல்லாத 6 அங்குலத்தைவிட நல்ல உருளை வைத்த 4 அங்குலத்தை எடுங்கள் என்பேன். வாயின் அகலத்தையும் அளந்து பாருங்கள். உயரம் குறைவாக இருந்தாலும் பக்கவாட்டில் அகன்ற செவ்வக வாய், கவட்டையைப் படுக்கவைத்து விழுங்கும்.

தட்டுக்குப் பதில் உருண்டையான டிரம்மில் கத்தி வைத்த வகையும் உண்டு. தட்டில் மையத்துக்கு அருகே வேகம் குறைவு, விளிம்பில் அதிகம். டிரம்மில் வாயின் அகலம் முழுக்க ஒரே வேகம். அகலமாக வந்து விழும் புதருக்கு இது பொருத்தம், எடை கூடுதல் என்பதுதான் குறை. சுத்தியல் வைத்து அடித்து நொறுக்கும் துகளாக்கி வேறு இயந்திரம். வேரும் மண்ணும் கலந்த குப்பைக்கு அது நல்லது, சில்லு வேண்டுமானால் வேண்டாம்.

பச்சை இலையும் கொடியும் இன்னொரு தொல்லை. தட்டில் இருக்கும் துடுப்புகள் கிளப்பும் காற்றும் வீச்சும்தான் சில்லை வெளிக்குழாய் வழியே தூக்கி எறிகின்றன. ஈரமான இலை குழாயில் அப்பிக்கொள்ளும். கொடி வெட்டுப்படாமல் தண்டில் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் வேகத்தைக் குறைக்காமல், இடையிடையே காய்ந்த கிளையைப் போட்டு ஓட்டினால் குழாய் சுத்தமாகும். குழாயின் மேல்மூடியைக் கருவி தேடாமல் திறக்க முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

கத்தியைக் கெடுப்பது மரம் அல்ல, மணல். தரையில் இழுத்துவந்த கிளையின் பட்டையில் ஒட்டியிருக்கும் மண் சில நிமிடங்களில் முனையை மழுக்கிவிடும். சில்லு கச்சிதமாக வராமல் நாரும் தூளுமாக வந்தால் சாணை பிடிக்க வேண்டிய நேரம். கத்தியைத் தீட்டியபின் எதிர்க்கத்தியோடு உள்ள இடைவெளியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

டிராக்டர் பக்கம் பார்க்க வேண்டியது, எஞ்சினின் குதிரைத்திறன் வேறு, பி.டி.ஓ.வில் கிடைப்பது வேறு. இரண்டாவது எப்போதும் குறைவு. சிப்பருக்குச் சொல்லியிருக்கும் எண்ணை அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே கிளட்சில் கியரும் பி.டி.ஓ.வும் இயங்கும் பழைய டிராக்டர் என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது. கிளட்சை மிதித்தாலும் சுழலும் தட்டு பின்னாலிருந்து கியரைத் தள்ளி வண்டியை நகர்த்தும். ஒருபக்கம் மட்டும் சக்தி கடத்தும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்றைத் தண்டில் போட்டால்தான் தீரும். சுமை மீறும்போது முதலில் உடைந்து மற்ற பாகங்களைக் காக்கும் ஷியர் போல்ட் உடைந்தால் அதே தரத்தில் மாற்றுங்கள். பலமான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்பெட்டி.

தண்டின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். 7 சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டு நொடிக்கு 9 சுற்றில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். கையை உதறிக்கொள்ள நேரமே இருக்காது. கிளையை அடிப்பக்கம் முன்னால் போகும்படி கொடுங்கள், பக்கவாட்டில் நில்லுங்கள், கடைசித் துண்டை இன்னொரு கிளையால் தள்ளுங்கள். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் தட்டு வெகுநேரம் சுழலும். அது முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்து, பூட்டு முளையைச் செருகிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

விற்பவர் ஓட்டிக் காட்டும்போது நேரான கழியாகப் பொறுக்கிப் போடுவார். மூன்று கவட்டை உள்ள பச்சைக் கிளை ஒன்றை இலையோடு நீங்கள் எடுத்துக் கொடுத்து, கையால் தள்ளாமல் அது உள்ளே போகிறதா என்று பாருங்கள்.