மகிமை, மாட்சி, வீண் புகழ்ச்சி: ஒரு சொல் விளக்கம்

தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் ‘மகிமை’ என்னும் சொல் கடவுளுக்குரியதாகவும் வருகிறது, மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் பொருளாகவும் வருகிறது. ‘தேவ மகிமைக்காக ஊழியம் செய்கிறேன்’ என்பவரைப் பற்றி, ‘அவர் தம் மகிமையைத் தேடுகிறார்’ என்று இன்னொருவர் குறை சொன்னால், இருவர் வாயிலும் இருப்பது ஒரே சொல்தான். இது சொற்பஞ்சத்தால் நேர்ந்ததன்று. வேதாகமமே அப்படித்தான் பேசுகிறது.

சொல்லின் பிறப்பு வடமொழி. பெரியது என்னும் பொருளுடைய ‘மஹத்’ என்பதோடு உறவுடைய ‘மஹிமன்’ தமிழில் மகிமை ஆயிற்று. எண்வகைச் சித்திகளில் உடலைப் பெரிதாக்கும் ஆற்றலுக்கு ‘மகிமா’ என்று பெயர் அமைந்ததும் இதனால்தான்.

எபிரேய மூலத்தில் இதற்கு நேரான சொல் ‘காபோத்’. அதன் வேர்ப்பொருள் பாரம். தமிழில் எடையையும் மதிப்பையும் ஒருங்கே சுட்டும் ‘கனம்’ இதற்கு வியக்கத்தக்க விதத்தில் பொருந்துகிறது. ‘என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்’ (1 சாமுவேல் 2:30) என்ற வசனத்தின் மறுபாதியில், அசட்டைபண்ணுகிறவர்கள் ‘கனஈனப்படுவார்கள்’ என்று வருகிறது. மூலத்தில் அங்கே இருப்பது ‘இலேசாதல்’ என்னும் வினை என்பதால், மொழிபெயர்த்தவர்களின் கை தேர்ந்த கை என்றே சொல்லவேண்டும். இந்த எச்சரிப்பைப் பெற்ற ஆசாரியன் ஏலி, கடவுளைவிடத் தன் மகன்களை அதிகமாகக் கனம்பண்ணி, காணிக்கைகளில் சிறந்தவற்றால் தன் வீட்டாரைக் கொழுக்கவைத்தவன். கடவுளின் சந்நிதியைக் குறித்த உடன்படிக்கைப் பெட்டி எதிரிகளிடம் பிடிபட்டது என்ற செய்தி வந்தபோது, ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து இறந்தான்; அவன் உடல் பருத்தவன் என்பதைச் சொல்ல மூலம் ஆளுவதும் ‘காபோத்’தின் வேரிலிருந்து வந்த சொல்லையே. அதே அதிகாரத்தில் பிறக்கும் அவன் பேரனுக்கு, மகிமை இஸ்ரவேலை விட்டுப்போயிற்று என்று சொல்லித் தாய் இட்ட பெயர் இக்கபோத். கடவுளுக்குச் சேரவேண்டிய பாரம் ஆசாரியன் மேனியில் ஏறியிருந்ததைக் கதைசொல்லி ஒரே வேர்ச்சொல்லால் காட்டிவிடுகிறார்; தமிழில் படிக்கும்போது அந்த முடிச்சு கண்ணுக்குத் தெரிவதில்லை.

எபிரேய வேதம் கிரேக்கத்துக்குப் போனபோது ‘காபோத்’துக்கு ‘டோக்ஸா’ அமர்த்தப்பட்டது. அதன் பழம்பொருள் கருத்து, பிறர் நம்மைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணம். ஆகவேதான் யோவான் 12:43, தேவனால் வருகிற மகிமையிலும் மனுஷரால் வருகிற மகிமையை விரும்பியவர்களைப் பற்றி, இரண்டிடத்திலும் அச்சொல்லையே வைத்துப் பேச முடிகிறது. மத்தேயுவில் நிலைமை வேறு. மனுஷரால் ‘புகழப்படுவதற்கு’ தாரை ஊதித் தர்மம் செய்யாதே என்பதும் (6:2), நற்கிரியைகளைக் கண்டு பிதாவை ‘மகிமைப்படுத்தும்படி’ வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்பதும் (5:16) மூலத்தில் ஒரே வினை. தமிழில் இரண்டாகப் பிரிந்துவிட்டன. இரண்டிடத்திலும் செயல் பிறர் கண்ணில் படவே செய்கிறது. பார்த்தவரின் மதிப்பு யாரிடம் போய்ச் சேருகிறது என்பதில்தான் வேறுபாடு. ஆலயச் சுவர்களில் பதித்த சலவைக்கற்களில் ‘தேவ நாம மகிமைக்கென்று’ என்பது சிற்றெழுத்தில் ஒரு வரியாக நிற்க, கொடையாளர் பெயர்களும் பட்டங்களும் பேரெழுத்தில் அதன்கீழ் நிரம்பியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

தூய தமிழில் மகிமைக்கு ஈடு ‘மாட்சி’. மாண், மாண்பு என்பவற்றோடு ஒரு குடும்பம். குறள் ‘மனைமாட்சி’ என்கிறது. ‘மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே’ என்கிறது புறநானூறு. கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியத்தில் ‘மாட்சி’, ‘மாட்சிப்படுத்து’ என்பனவே வழங்குகின்றன. கனம் என்பதில் உள்ள எடை இதில் இல்லை. ஆயினும் மகிமையைவிடத் தெளிவானது என்பது என் கருத்து.

மனிதர் தமக்கெனத் தேடுவதற்குக் கிரேக்கத்தில் தனிச்சொல் உண்டு: ‘கெனோடொக்ஸியா’, அதாவது வெறுமையான டோக்ஸா. நான்காம் நூற்றாண்டின் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் எட்டுத் தீய எண்ணங்களுள் இதையும் வைத்தார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொரு தோல் இருக்கும் வெங்காயத்துக்கு மூத்த துறவிகள் இதை ஒப்பிட்டதாக, அவர் வழிவந்த காசியன் எழுதுகிறார். வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது பிலிப்பியர் 2:3-இல் ‘வீண்பெருமை’ என்றும், கலாத்தியர் 5:26-இல் ‘வீண் புகழ்ச்சி’ என்றும் வருகிறது. பின்னதே பொருத்தமானது, பெருமையை ஒருவர் தனியே இருந்தும் வளர்த்துக்கொள்ளலாம், புகழ்ச்சிக்கோ பிறர் வாய் வேண்டும். ஆனால் ‘வீண்’ என்னும் அடையை நீக்கிவிடக் கூடாது. வெறும் ‘புகழ்’ தமிழில் குற்றமன்று, வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.